கர்சீப்புக்காக ஓடிய ஏசி

ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில் ஒரு பழைய ஏசியும் ஒரு நாற்காலியும் இருந்தன. ஆளில்லாத ஒரு மதியத்தில் ஏசி பெருமூச்சு விட்டது.

"ஞாபகம் இருக்கா? மேனேஜர் காலையிலேயே வந்து உன் மேல கர்சீப் போட்டு இடம் பிடிச்சுட்டுப் போவார். சாயங்காலம் வரைக்கும் நானும் விளக்குகளும் அதுக்காகவே ஓடுவோம்."

"மறக்குமா? பஸ்ல சீட் பிடிக்கிற மாதிரி. பாதி நாள் அவர் வரவே மாட்டார்," என்றது நாற்காலி. "நீ வெளியே தள்ளின அனல்ல ஜன்னலோர முருங்கை கருகிக் கிடந்துச்சு. இந்த வருஷம்தான் பூத்திருக்கு."

"இருக்கட்டும். அந்தக் கர்சீப் ஒரு நாளும் குளிருதுன்னு சொன்னதில்லை."

அப்போது கதவில் மாட்டியிருந்த சின்னத் திரை பேசியது. யாருக்கு எப்போது அறை என்பதை இப்போதெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்கிறது. "மூணு மணிக்கு அறை கேட்டிருக்காங்க. எழுந்திருங்க ஏசி அண்ணே."

விளக்குகள் எரிந்தன; ஏசி ஆசையோடு ஓடத் தொடங்கியது. மூன்று மணி தாண்டிப் பத்து நிமிடம் ஆகியும் கதவு திறக்கவில்லை.

"யாரும் வரலை. பதிவை ரத்து பண்ணிட்டேன். நீங்க தூங்குங்க அண்ணே," என்றது திரை.

விளக்குகள் அணைந்தன. அரையிருட்டில் ஏசி மெல்லக் கேட்டது.

"ஒரு கர்சீப்கூட வரலையா?"