காதுக்குள் ஒரு மாப்பிள்ளை

டைகர் என்ற நாயின் வலது காதுக்குள் மாமனார் வீட்டு மாப்பிள்ளை போல உட்கார்ந்து தின்ற உண்ணி அன்று தின்பதைப் பாதியில் நிறுத்தியது. எஜமானர் பொன்னுரங்கம் உண்ணி மருந்து வாங்கி வந்திருந்தார்.

"மாமா, நான் வால் பக்கம் ஓடிடட்டுமா?"

"எதுக்கு மாப்பிள்ளை அலைச்சல்? பேசாம சாப்பிடு," என்றது டைகர், சொறிந்துகொண்டே.

பொன்னுரங்கம் காதைத் திருப்பினார். உண்ணி கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட்டது. அவரோ மருந்துப் புட்டியைக் காதோரம் பிடித்துப் படம் எடுத்தார். 'தினமும் காதைப் பாருங்கள், அலட்சியம் வேண்டாம்' என்று எழுதி, நாய் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். நாற்பது பேர் கைகூப்பினார்கள். போன மாதம் படமெடுத்த உண்ணிச் சீப்புக்குப் பக்கத்தில் புட்டியும் மூடி திறக்காமலே அலமாரி ஏறியது.

உண்ணி கண்ணைத் திறந்தது.

"மாமா, அந்த இடது காது காலியா இருக்கா? எங்க அண்ணன் குடும்பம் வீடு தேடிக்கிட்டு இருக்கு."