சுவரளவு பெயர்

"தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்! அதுவும் பாகிஸ்தான் காலத்து ரூபாய். அறுபது வருஷமாச்சு, இன்னும் என் கைக்கு வந்து சேரலை" என்றார் துலால், லண்டன் பிரிக் லேன் தெருவின் நடைபாதையில் நின்றபடி.

"மெதுவாப் பேசுடா" என்றார் லேபு. "நீ ஊர்ல இருந்து வந்து மூணு நாள்தான் ஆகுது. முந்நூறு தடவை சொல்லிட்டே."

"வட்டி போட்டா உன் வீடே என்னுது."

"வீட்டை எடுத்துக்கோ. அந்தக் கடன் எதுக்காகன்னு மட்டும் என் மகள்கிட்ட வாயைத் திறந்துடாதே. இன்னைக்குத்தான் அவளோட கண்காட்சி ஆரம்பம். தெரிஞ்சா அப்புறம் என் மூஞ்சியைப் பார்ப்பாளா?"

துலால் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். கண்காட்சி வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். லேபுவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. வங்கதேசத்தில் சில்ஹெட் பக்கம் ஒரே கிராமம், ஒரே குளம். லேபு இருபது வயதில் லண்டன் வந்து ஓட்டல்களில் தட்டு சுமந்தார். துலால் ஊரிலேயே இருந்து சூளையில் செங்கல் சுமந்தார்.

கண்காட்சி நடந்த இடம் முன்பு கோட்டு தைத்த கிடங்கு. இப்போது வெள்ளையடித்து ஓவியக் கூடமாக்கியிருந்தார்கள். வாசலுக்கே ஓடி வந்தாள் லேபுவின் மகள் ருமேனா.

"சாச்சா! வெற்றிலையை வெளியிலேயே துப்பிட்டு வாங்க. உள்ளே துப்பினா அதையும் கலைன்னு போட்டோ எடுப்பாங்க."

"உன் மகளுக்கு வாய் உன்னை மாதிரியேடா, லேபு."

"அப்பாவை லேபுன்னு கூப்பிட உலகத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்று சிரித்தாள்.

"வீட்டுப் பேர்லதான்மா நாங்க கூப்பிட்டுக்குவோம். காகிதப் பேரெல்லாம் போலீசுக்கும் பாஸ்போர்ட்டுக்கும்."

எதிர்ச்சுவர் முழுக்க, வங்காளத்துப் பெண்கள் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் ஒரு காந்தா மெத்தை விரிப்பு தொங்கியது. பழைய மேசைத்துணிகள், மஞ்சள் கறை போகாத ஏப்ரன்கள், ருமேனாவின் அம்மா கட்டிக் கிழிந்த புடவைகள், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டிருந்தாள். நடுவில் சிவப்பு நூலில், ஆள் உயர வங்காள எழுத்துகள்.

"முப்பது வருஷம் தட்டு தூக்கினாரு அப்பா" என்றாள் ருமேனா. "சாப்பிட வந்தவங்க ஒருத்தர்கூட அவர் பேரைக் கேட்டதில்லை. 'ஏய்'னுவாங்க, இல்லேன்னா விரலைச் சொடுக்குவாங்க. பள்ளிக்கூடத்துல என்கிட்ட அப்பா பேர் கேட்டப்போ நான்கூடக் கூச்சப்பட்டு வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். அதுக்குத்தான் சாச்சா, அவர் பேரை இவ்வளவு பெருசாத் தைச்சேன். இரண்டு வருஷம் ஆச்சு."

லேபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அந்தத் துணியில் ஊசி குத்திய ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்து, சொல்லாமலே விட்டவர் அவர்.

துலால் சுவரை நெருங்கினார். சூளையை விட்ட பிறகு, ஐம்பது வயதில் எழுத்துக் கற்றவர். விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"மொ... சா... திர்... அலி."

திரும்பவும் முதலிலிருந்து படித்தார். கண்ணைத் தோள்துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"சிநேகிதர் பேரைப் பார்த்ததுக்கே அழுறீங்களே சாச்சா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் ருமேனா. "வாங்க, வந்தவங்க எல்லாரும் இந்தப் புத்தகத்துல பேர் எழுதணும்."

லேபு அவசரமாக ஓடிவந்தார். "அவனுக்குக் கை நடுங்கும், விடும்மா."

"உனக்குத்தான்டா நடுங்குது" என்று பேனாவை வாங்கினார் துலால். நாக்கை நீட்டிக்கொண்டு, பேனாவை அழுத்தி, நிதானமாக எழுதினார். எழுதி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது.

ருமேனா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஐயோ சாச்சா! சுவரைப் பார்த்து அப்பா பேரை எழுதிட்டீங்களே. உங்க பேரை எழுதுங்க."

துலால் பேனாவை மூடி வைத்தார். லேபுவைப் பார்த்தார். 

லேபு மகளைப் பார்த்தார். அவள் விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.

"அவனோட காகிதப் பேரைத்தான்மா எழுதியிருக்கான்" என்றார். "லண்டன்ல வேலை செய்ய அவனுக்கு வந்த அனுமதிச் சீட்டுல, அவன் பேர்லதான் நான் கப்பலேறினேன். தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்க்கு அவன்கிட்ட அந்தப் பேரை விலைக்கு வாங்கினேன்."

ருமேனா மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"விலைக்கு வாங்கினானாம்! ஒரு பைசா குடுத்தானான்னு கேளும்மா" என்றார் துலால். "அன்னைக்கே சும்மா குடுத்ததுன்னு வச்சுக்கோ, கணக்கு முடிஞ்சுது. நீ தையலைப் பிரிச்சுடாதே, அது உங்க அப்பா பேருதான்."