ரிக் வண்டியில் ஒரு பருந்து அந்துப்பூச்சி

திருச்செங்கோட்டுப் பட்டறையில் சாயங்கால வெயில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் மஞ்சள் பெயின்ட் மேல் சாய்ந்து கிடக்கிறது. கம்ப்ரசரின் நிழலில், பச்சையும் இளஞ்சிவப்பும் குழைந்த இறக்கைகளைப் பின்னுக்குச் சாய்த்தபடி, கட்டைவிரல் பருமனில் ஒரு பருந்து அந்துப்பூச்சி ஒட்டியிருக்கிறது. டிரைவர் தீர்த்தகிரி அதற்காகவே வண்டி கழுவுவதை நிறுத்திவிட்டு, கல்லூரியில் பூச்சியியல் நடத்தும் மஞ்சுளாவை வரவழைத்திருக்கிறார். குழாயிலிருந்து தண்ணீர் தரையில் வீணாக ஓடுகிறது. மஞ்சுளா கேமரா லென்ஸுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்கிறாள். மூன்று வருடமாக அவள் எழுதிவரும் நாமக்கல் மாவட்டப் பட்டியலில் இந்த இனம் இல்லை. நோட்டில் பெயரை எழுதியாயிற்று. ‘கண்ட இடம்’ என்ற கட்டத்தில் பென்சில் தயங்குகிறது.

“வண்டி எங்கிருந்துங்க வருது?”

“சத்தீஸ்கர்ல போர் போட்டுட்டு நேத்துத்தான் வந்தேனுங்க. இது வழியில ஏறுச்சோ, இங்க வந்து ஏறுச்சோ, தெரியலீங்க.”

பூச்சி இருந்த இடத்திலேயே இறக்கைகளை அதிர்விக்கிறது. மெல்லிய ரீங்காரம் எழுகிறது.

“பயந்து நடுங்குதுங்களா?”

“இல்லீங்க. பறக்கறதுக்கு முன்னால உடம்பச் சூடேத்திக்குது.”

“அப்ப நம்ம வண்டியாட்டந்தானுங்க,” என்கிறார் தீர்த்தகிரி, உறவுக்காரரைக் கண்டவர்போல.

அது எழும்புகிறது. மதிலோர மரமல்லியில் அப்போதுதான் விரிந்த பூவின் முன் அந்தரத்தில் நின்று, உடம்பளவு நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவின் காம்பு போன்ற நீளக் குழாய்க்குள் தடுமாறாமல் செலுத்துகிறது. அது மதிலைத் தாண்டி மறைந்த பிறகு, மஞ்சுளா வண்டியின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்து, ஊர்ப் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் வண்டியின் நம்பரை எழுதுகிறாள்.