நடுவில் இல்லாத அறை

மத்தியானத்திலேயே தோட்டத்து லயத்து வீட்டு ஜன்னலில் வெளிச்சம் மங்குகிறது. ரப்பர் மலைக்கு மேலே மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. சுகந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடித் துண்டில் ஒட்டிய சிறு ஓடு ஒன்றை ஈரமான தேய்ப்புப்பொடியில் தேய்க்கிறாள். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஒற்றைச் செல் உயிரின் ஓடு அது. பருப்பை விடச் சிறியது. பாதி தேய்ந்ததும் உள்ளறைகள் தெரியும். முதல் அறை இருக்கும் இடத்தை வைத்துத்தான் பேரினத்தைச் சொல்ல வேண்டும். அவள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் நினைக்கும் பேரினம் என்றால் அது நட்டநடுவில் இருக்கும். ஒரு தேய்ப்புக் கூடினாலும் மாவாகிவிடும். நேற்று இரண்டு ஓடுகளின் நடுவில் ஒன்றையும் காணாமல், தேய்த்துத் தொலைத்துவிட்டோம் என்ற ஆத்திரத்தில் வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் வீசினாள். இதுதான் கடைசி ஓடு.

ரப்பர் பால்வெட்டு முடித்து வந்த கணவன் ஜூட் உள்ளே கால் வைக்கிறான். "நடக்காதீங்க, மேசை ஆடுது!" அவன் அப்படியே நிற்கிறான். அவள் நுண்ணோக்கியில் குனிகிறாள். "நடுவுல ஒண்ணுமே இல்லீங்க. இதுவும் போச்சு."

ஜூட் மெல்ல வந்து ஒற்றைக் கண்ணை வைக்கிறான். "ஓரத்துல ரெண்டு முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கே, அது என்னா?"

அவனைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறாள். விளிம்பில் இரண்டு உருண்டை அறைகள், முதல் அறையும் அதன் ஜோடியும். அங்கிருந்து மற்றவை விசிறியாக விரிகின்றன. முதல் அறையை ஓரத்தில் வைத்துக் கட்டும் பேரினம், மியோஜிப்சினா. நேற்று அவள் ஓரத்தைப் பார்க்கவே இல்லை.

தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. அவள் வாசலுக்கு ஓடுகிறாள். நேற்று ஓடுகளை வீசிய கானில் தண்ணீர் புரண்டு போகிறது.