அடிக்கப்பட்ட வரி

பத்திரிகை அலுவலகத்து மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது. எட்டு மாத வயிறு மேசையை நெருங்கவிடாததால், தன் கட்டுரையின் அச்சுப்படியை வயிற்றின் மேலேயே விரித்துவைத்துப் படிக்கிறாள் அவள். ‘பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது’ என்ற வரியின் குறுக்கே சிவப்புக் கோடு. உச்சியில் அவள் வைக்காத தலைப்பு: ‘தாய்மை ஓர் இன்பம்’. ஓரத்துப் படத்தில் யார் பெற்றதோ, ஒரு கொழுகொழு குழந்தை சிரிக்கிறது. “டைரி மாதிரி இருந்துச்சும்மா, கொஞ்சம் தட்டிக்கொட்டிச் சரி பண்ணிட்டேன்,” என்றபடி பேனாவை மூடுகிறார் ஆசிரியர். “பயம் கியம்னு புலம்பினா யாரும்மா படிப்பாங்க?”

“அந்த ஒரு வரிக்காகத்தான் சார் மத்ததெல்லாம் எழுதினேன்.”

அவர் வாய் திறப்பதற்குள் வயிற்றின் மேலிருக்கும் தாள் துள்ளுகிறது. அவருக்கு முகமெல்லாம் பல். “பாத்தீங்களா, குழந்தைக்கே பிடிச்சிருக்கு!”

“பிடிச்சிருந்தா எதுக்கு சார் உதைக்குது?”