அஞ்சு மணி கிளாஸ்

இப்போது யாருக்கும் பொறுமையாகக் கற்றுக்கொள்ளத் தெரிவதில்லை. எல்லாம் விளையாட்டாகவே வேண்டும். செம்பூரில் மகளைப் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டர் பாடத்தில் கலர் கலராகக் கட்டங்கள் விழ, அதைப் பார்த்துப் பார்த்துப் பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி விஜயலட்சுமி, பாட்டு வாசிக்கியா, கொசு அடிக்கியா?”

“சும்மா இருங்கப்பா. அஞ்சு மணிக்கு கிளாஸ். அதுக்குள்ள மூணாம் பாடத்த முடிக்கணும்.”

“முடிக்கலைன்னா டீச்சர் வைவாளோ?”

“டீச்சருக்கே ரெண்டு பாடந்தான் தெரியும்.”

“வெளங்கும்! அவகிட்ட எந்தக் கிறுக்கன் படிக்கான்?”

காலிங்பெல் அடித்தது. அவள் சட்டென்று கம்ப்யூட்டரை மூடினாள். நான் கதவைத் திறந்தேன். பிள்ளைகள் கூட்டமாக உள்ளே ஓடிவந்தார்கள்.

“குட் ஈவ்னிங், டீச்சர்!” என்றார்கள் என் மகளிடம்.

“உக்காருங்க. இன்னைக்கும் ரெண்டாம் பாடந்தான். அஸ்திவாரம் பலமா இருக்கணும்,” என்றாள்.

“குர்லா வரைக்கும் தேடினாலும் இப்படி ஒரு டீச்சர் கிடைக்காது, அங்கிள்,” என்றாள் ஒரு பிள்ளையோடு வந்த தாய்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.