வைஷ்ணவிக்கு எவ்ளோ காத்து?

"வர்ற வழியில தண்ணி வடிஞ்சிருக்கும் குப்பம்மா. பத்தரை கிலோதான் காட்டுது."

நண்டு வாங்கும் பெருமாள் தராசைப் பார்க்காமலே சொன்னார். தினமும் சொல்லிப் பழகிய வாய்.

"வீட்டுல கைத்தராசுல பன்னெண்டு இருந்துச்சிண்ணே."

"உன் துருப்புடிச்ச தராசும் என் கரண்ட் தராசும் ஒண்ணா? பசியாவரம் தீவுலருந்து படகுல வர்ற நண்டு, தண்ணி விடாம இன்னா பண்ணும்? அடுத்த ஆளு வா!"

குப்பம்மா நண்டைக் கொட்டவில்லை. கூடையோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். வரிசையில் இன்னும் பத்துப் பெண்கள், பத்துக் கூடைகள். எல்லார் நண்டும் தண்ணி விட்ட நண்டுதான்.

அப்போது சைக்கிள் மணி அடித்தது. குப்பம்மாவின் மகள் வைஷ்ணவி, பட்டை டயர் போட்ட மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடவே சைக்கிள் கடை அஜ்மல்.

பெருமாளுக்கு முகமெல்லாம் பல். "வா பொண்ணே! ஞாயித்துக்கிழமை போட்டிக்கு ரெடியா? பனியன் வந்துடுச்சி பாரு!"

மஞ்சள் பனியனை விரித்துக் காட்டினார். முதுகு முழுக்க 'பெருமாள் நண்டுக் கம்பெனி' என்று எழுதியிருந்தது. மலைப்பாதை சைக்கிள் போட்டி என்று வைஷ்ணவி போன வாரம் சொன்னதும் அவரே அச்சடிக்கக் கொடுத்தது.

"பனியன் சூப்பர் மாமா. பின்னாடி ஷாக் அப்சார்பர்தான் சரியில்ல. கல்லுல ஏறுனா இடுப்பு போயிடுது."

அஜ்மல் பையிலிருந்து இரண்டு ஷாக்குகளை எடுத்தான். ஒன்றில் தடிமனான ஸ்ப்ரிங். இன்னொன்று வழவழப்பான குழாய்.

"ஸ்ப்ரிங்கைப் போடு பாய், கெத்தா இருக்குது" என்றார் பெருமாள்.

"ஸ்ப்ரிங்கு ஆளுக்கு ஆள் மாறும்ணே. எடைக்கு ஒத்துவரலன்னா வேற வாங்கணும். இது காத்து ஷாக். எடைக்குத் தக்க பம்ப்புல அடிச்சிக்கலாம். ஆனா ஆளோட எடை கரெக்டா தெரியணும்."

"இதுக்கா முழிக்கிற? ஏறு பொண்ணே தராசுல!"

வரிசையில் நின்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். நண்டைத் தவிர வேறு எதையும் அந்தத் தராசில் வைக்க அவர் விட்டதே இல்லை. இன்றைக்குப் பனியன் விளம்பர ஜோரில் விட்டுவிட்டார்.

வைஷ்ணவி கூடை வைக்கும் இடத்தில் குந்தினாள்.

"ஏம்மா குப்பம்மா, உன் நண்டு ரொம்பப் பெருசு" என்று வரிசையிலிருந்து கஸ்தூரியம்மாள் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

"நாப்பத்தாறு!" என்று பெருமாள் படித்தார்.

அஜ்மல் ஷாக்கை மாட்டி, அதோடு வந்த அட்டையைப் பார்த்தான். நாற்பத்தாறு கிலோவுக்கு எவ்வளவு காற்றோ அவ்வளவு அடித்தான். குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருந்தது. ஆள் உட்கார்ந்தால் வளையம் கால் பங்கு இறங்கி நிற்க வேண்டும், அதுதான் கணக்கு என்றான்.

வைஷ்ணவி உட்கார்ந்தாள். வளையம் பாதி வரைக்கும் இறங்கிவிட்டது. படகு தள்ளப் போட்டிருந்த பனங்கட்டைகள் மேல் ஏற்றி ஓட்டினாள். ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் 'டங்கு, டங்கு' என்று இடித்தது.

"இன்னா பாய், தொழில் கத்துக்கினியா இல்லியா?" பெருமாள் கிண்டல் பண்ணினார்.

"அட்டையில நாப்பத்தாறுக்கு இவ்ளோதாண்ணே போட்டிருக்கு. எடைல எதுனா மிஸ்டேக்..."

"ஏய்! என் தராசுல ஒரு கிராம் தப்பு வராது. இத்தினி பேரும் சாட்சி. உனக்குக் காத்தடிக்கத் தெரியல. குடு பம்ப்ப!"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே அடித்தார். உட்காரச் சொன்னார், வளையத்தைப் பார்த்தார், மறுபடி அடித்தார். கீழே, ஷாக் திரும்ப எழும்பும் வேகத்தை மாற்றும் சிவப்புத் திருகையும் விடவில்லை. ஒரு பக்கம் முயல், ஒரு பக்கம் ஆமை வரைந்திருந்தது. முயல் பக்கம் வைத்தால் ஷாக் துள்ளித் தூக்கி அடித்தது. நாலு சொடுக்கு ஆமை பக்கம் திருகினார். வேர்த்து ஊற்றியது. நண்டு வரிசை அப்படியே நின்றது, ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

கடைசியில் வளையம் கால் பங்கில் கச்சிதமாக நின்றது.

"இப்ப போ பொண்ணே!"

வைஷ்ணவி பனங்கட்டைகள் மேல் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். ஒரு சத்தம் இல்லை. பெண்கள் விசில் அடித்தார்கள்.

"பாத்தியா? இதான் கை!" பெருமாள் மார்தட்டினார். பம்ப் மீட்டரைப் படித்தார். அட்டையில் விரல் வைத்துத் தேடினார். "இந்தப் பொண்ணுக்கு அம்பத்து மூணு கிலோவுக்கு அடிக்கணும் பாய். கம்பெனிக்காரனே போட்டிருக்கான். எழுதி வச்சிக்கோ, அம்பத்து மூணு!"

ஓரமாக உட்கார்ந்திருந்த குப்பம்மா எழுந்து வந்தாள்.

"ஏண்டி வைஷு" என்றாள் குப்பம்மா மெதுவாக. "இப்பதானே அண்ணன் தராசுல நாப்பத்தாறு இருந்த? மிச்சம் ஏழு கிலோ எங்க போச்சி?"

"தராசுல குந்தச்சொல்லோ தண்ணி வடிஞ்சிருக்கும்மா."

முதலில் கஸ்தூரியம்மாள் சிரித்தாள். பிறகு வரிசையே சிரித்தது. பெருமாள் கையில் இருந்த பம்ப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"சரி சரி... சிரிச்சது போதும்" என்று இழுத்தார். "நீ கிளம்பு பொண்ணே, ஞாயித்துக்கிழமை மலையில போட்டி இருக்குதில்ல?"

வைஷ்ணவி சைக்கிளை அஜ்மலிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் கூடையைத் தூக்கி மறுபடியும் தராசில் வைத்தாள்.

"எந்த மலை மாமா? போட்டி உங்க தராசோடதான், இப்பதான் முடிஞ்சுது."